அட்ரினல் சுரப்பி அப்படி என்னதான் செய்கிறது? அது சுரக்காவிட்டால் உடம்புக்கு என்ன ஆகும்?

காசிமேட்டில் மீன் விற்கும் என் அத்தை கதையைச் சொன்னால் பாதி பதில் வந்துவிடும். மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையை ஒன்றரை வருஷம் போட்டார். வலி போனது, முகம் உப்பி உருண்டையானது. ஏலம் எடுக்க வருகிறவர்கள் "இன்னாக்கா, நல்லா தேறிட்டியே" என்றார்கள். அது ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நாலாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர், நிற்க முடியாமல் சுவரோரம் சரிந்துவிட்டார். வாந்தி வேறு. பிரஷர் அதலபாதாளத்தில். சலைன் ஏற்றி, ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகுதான் ஆள் தெளிந்தார்.

சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு அட்ரினல் சுரப்பி உண்டு. எடை நாலைந்து கிராம்தான், ஆனால் உள்ளே இரண்டு குடித்தனம். நடுவில் இருக்கும் மெடுல்லா, அட்ரினலினைத் தயாராகச் சேர்த்து வைத்திருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி நம் வண்டியை உரசுகிற மாதிரி போனால் நெஞ்சு படபடத்து வாய் உலர்கிறதே, நரம்பு சொன்ன நொடியில் அது கொட்டிவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

வெளியே இருக்கும் கார்டெக்ஸ், கொலஸ்ட்ராலிலிருந்து ஹார்மோன் செய்கிறது. ஆல்டோஸ்டீரோன் உப்பைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். கார்ட்டிசோல் ரத்தச் சர்க்கரையையும் பிரஷரையும் தாங்கும், வீக்கத்தை அடக்கும். கொஞ்சம் ஆண் ஹார்மோனும் உண்டு, பெண்களுக்கும்தான்.

கார்ட்டிசோலுக்குச் சேமிப்பு கிடையாது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ஏசிடிஎச் என்கிற ஹார்மோனை அனுப்பினால்தான் அவ்வப்போது தயாராகும். கார்ட்டிசோலின் வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு, மாத்திரையாக வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், 'அதான் இருக்கே' என்று பிட்யூட்டரி சும்மா இருந்துவிடும். வேலையில்லாத கார்டெக்ஸ் சுருங்கிப்போகும். நள்ளிரவில் அடிமட்டத்தில் கிடக்கும் கார்ட்டிசோல், விடியலை நோக்கித்தான் ஏறும். அத்தைக்கு அன்று ஏற எதுவுமே இல்லை.

டாக்டர் முதலில் அத்தையின் உள்ளங்கை ரேகையையும் ஈறையும் பார்த்தார். ஜோசியமா என்று நினைத்தேன். சுரப்பியே அழிந்துபோனால் அங்கெல்லாம் கறுக்குமாம். உப்புக்கும் நாக்கு அலையும். 1855இல் தாமஸ் அடிசன் எழுதிவைத்த நோய் அது, டிபியாலும் வரும். அத்தைக்குக் கறுக்கவில்லை. சுரப்பி தூங்கிவிட்டது, அவ்வளவுதான். எழுப்ப மாதக்கணக்காகும் என்று, அதே வகை மாத்திரையையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். மாத்திரை அட்டை இப்போது சுருக்குப் பையில், வெற்றிலையோடு இருக்கிறது.