கொலராடோவில் வாங்கிய கஞ்சா மிட்டாய் டெக்சஸில் பிடிபட்டால் என்ன தண்டனை?

கொலராடோ கடையின் ரசீது டெக்சஸ் போலீஸாரிடம் எடுபடாது. 21 வயதானவர் அங்கே சட்டப்படி வாங்கலாம். எல்லை தாண்டி வந்துவிட்டால் டெக்சஸ் மாநிலச் சட்டம்தான் பேசும்.

கஞ்சா இலையாகவோ மொட்டாகவோ இருந்தால் 2 அவுன்ஸ் (சுமார் 57 கிராம்) வரை சிறு குற்றம். 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 2 முதல் 4 அவுன்ஸ் வரை என்றால் ஓராண்டு, 4,000 டாலர்.

மிட்டாயின் கதை வேறு. கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த டிஎச்சி (போதை தரும் வேதிப்பொருள்), இலையைவிடக் கடுமையான பட்டியலில் வருகிறது. ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே பெருங்குற்றம். பலரும் அறியாத விஷயம் எடைக் கணக்கு: சர்க்கரை, ஜெலட்டின் உட்பட முழு மிட்டாயையும் தராசில் வைக்கிறார்கள். தலா 4 கிராம் எடையுள்ள பத்து மிட்டாயில் டிஎச்சி மொத்தம் 100 மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் வழக்கு 40 கிராமுக்கு. 4 முதல் 400 கிராம் வரை இரண்டாம் நிலைப் பெருங்குற்றம். 2 முதல் 20 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். எனக்கு இது அபத்தமாகவே தோன்றுகிறது, ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

முதல் முறை சிக்குபவருக்குச் சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைக்க வாய்ப்புண்டு. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் மட்டும் அதை நம்பி உடனே குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டப்படி அது நாடுகடத்தல் வரை போகலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள்.