அண்ணனிடம் சொல்லாத மதிப்பெண்

கேள்வி: குளச்சலிலிருந்து தினமும் பேருந்தில் நாகர்கோவிலுக்குச் சென்று பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாம் பருவத்தில் ஒரு முதன்மைப் பாடத்தில் கல்லூரியில் ஆசிரியை போடும் இன்டர்னல் மதிப்பெண் 25-க்கு 11, பல்கலைக்கழகத் தேர்வில் 75-க்கு 37, மொத்தம் 48தான் கிடைத்தது. மற்ற பாடங்களில் எழுபதுக்குக் குறையவில்லை. என்னைப் போலவே எழுதிய தோழிக்கு இன்டர்னலில் 18. அந்த ஆசிரியைக்கு என்னைப் பிடிக்காது. இதனால் எம்.எஸ்சி. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சவுதியில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் அண்ணன்தான் ஃபீஸ் கட்டுகிறான். அவனிடம் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கத் தோழியிடம் கடன் வாங்கலாமா? மதிப்பெண் கூடுமா?

பதில்: ஒவ்வொரு பருவத் தேர்வு முடிவுக்குப் பிறகும் இதே கேள்வி ஊரின் பெயர் மட்டும் மாறி என் மேசைக்கு வருகிறது, எல்லாக் கடிதங்களிலும் பிடிக்காத ஆசிரியர் ஒருவரும், அதிக மதிப்பெண் வாங்கிய தோழி ஒருவரும் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் மட்டும் கூடுதலாக ஓர் அண்ணன் இருக்கிறார். ஆசிரியையைப் பற்றி ஒரு முழு வாக்கியம் எழுதிய நீங்கள், அண்ணனிடம் சொன்ன பொய்யைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தைக் கடந்து செல்ல மனம் வரவில்லை.

மதிப்பெண் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மனக்குறை முழுவதும் அந்த 11-இன் மேல் இருக்கிறது. ஆனால் நீங்கள் கடன் வாங்கிப் போட நினைக்கும் விண்ணப்பம் அந்த 11-ஐத் தொடாது. மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகிய இரண்டும் பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாளுக்கு மட்டுமே உரியவை. முன்னதில் கூட்டலும் திருத்தாமல் விடுபட்ட விடைகளும் சரிபார்க்கப்படும். பின்னதில் வேறொருவர் புதிதாகத் திருத்துவார். உங்கள் முகம் தெரியாத ஒருவர் திருத்திய அந்தத் தாளில் 75-க்கு 37, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 49 கிடைத்திருக்கிறது. உங்களைப் பிடிக்காது என்று நீங்கள் சொல்லும் ஆசிரியை கொடுத்தது நூற்றுக்கு 44. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாரபட்சம் என்று பேசத் தொடங்கியிருக்க வேண்டும்.

அப்படியும் இன்டர்னலில் தவறு நடந்திருக்கிறது என்று நம்பினால், தோழியின் 18-ஐத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தேர்வுத் தாள்கள், அசைன்மென்ட், செமினார் என்று அந்த 11 எப்படிப் பிரிந்து வந்தது என்பதை ஆசிரியையிடம் கேளுங்கள். பிறகு துறைத்தலைவர், பிறகு முதல்வர். அங்கும் பதில் இல்லையென்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அமைக்கப்பட வேண்டிய மாணவர் குறைதீர் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் முடிவையே மாற்றக்கூடிய குறிப்பான முறைகேட்டையோ பாகுபாட்டையோ சுட்டிக்காட்டாமல், திரும்பத் திருத்தச் சொல்லும் மனுவை அவர் ஏற்கமாட்டார். 'என்னைப் பிடிக்காது' என்பது அந்த வகையில் சேராது.

பல்கலைக்கழகத் தேர்வுக்கு வருவோம். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, மறுமதிப்பீடு என்பது அந்தந்தத் தேர்வு அமைப்பின் விதிகளைப் பொறுத்தது என்றும் தெளிவாக்கியது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் மனு போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் மறுமதிப்பீட்டுக்கான கடைசித் தேதி போய்விடக்கூடும். பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் விடைத்தாள் நகலுக்கு வழி இருந்தால் முதலில் நகலுக்கு விண்ணப்பியுங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் எது இறுதி என்பதையும் அதே அறிவிப்பில் படித்துக்கொள்ளுங்கள். (1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்படும் வரை குமரி மாவட்டக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, உங்கள் அம்மாவின் தலைமுறைக்கு இப்படியொரு சந்தேகம் வந்தால் மதுரை வரை பார்க்க வேண்டியிருந்தது.)

இனி அண்ணன். மறுமதிப்பீட்டுக் கட்டணத்துக்குத் தோழியிடம் கடன் வாங்கும் நிலை உங்களுக்கு ஏன் வந்தது? மூன்றாண்டுகளாக ஃபீஸ் அனுப்புகிறவர் இந்தத் தொகையையும் அனுப்பமாட்டாரா? அனுப்புவார், ஆனால் கேட்க வேண்டுமானால் ரிசல்ட் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே கடன் என்றால், நீங்கள் தேடுவது நியாயமான மதிப்பெண் அல்ல; சொன்ன பொய்யை மெய்யாக்க 48-ஐ எப்படியாவது 60 ஆக்கி, 'இன்றுதான் வந்தது' என்று அவரிடம் காட்டும் ஒரு தாள்.

இதை நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டை விட்டுத் தூரக் கடலில், யாரோ ஒருவருடைய படகில் வலை இழுத்துப் பணம் அனுப்புகிறவருக்கு வீட்டில் இருப்பவர்கள் முதல் வகுப்பைக் கடன்பட்டிருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் கடமையைத்தான் பட்டிருக்கிறார்கள். நம் கரையோரக் குடும்பங்களில் இதை எத்தனையோ விதமாகப் பார்க்கலாம்: அங்கே அவன் தன் காய்ச்சலை மறைப்பான், இங்கே இவர்கள் வட்டியை மறைப்பார்கள், எல்லாம் அன்பின் பெயரால். அவர் வருத்தப்படக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று நீங்களும் சொல்வீர்கள். பணம் அனுப்பும் வயது வந்த ஒருவரை வருத்தப்படத் தகுதியற்றவராக நடத்துவதற்கு அன்பு என்று பெயர் வைக்க என்னால் முடியாது. அவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் அவர் திட்டுவார், அடிப்பார், படிப்பை நிறுத்திவிடுவார் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

ஆகவே தோழியிடம் கடன் வாங்கக்கூடாது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் அண்ணன் கூப்பிடும்வரை காத்திருக்காமல், கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு இன்றே நீங்கள் அவரைக் கூப்பிடுங்கள். 11, 37, 48 என்று மூன்று எண்களையும் சொல்லுங்கள்; ஆசிரியையைப் பற்றிய பேச்சை அந்த அழைப்பில் எடுக்காதீர்கள். ரிசல்ட் வந்து எத்தனை நாளாயிற்று என்று அவர் கேட்பார், அதற்கும் உண்மையைச் சொல்லுங்கள். பணம் வந்ததும் நகலுக்கு மட்டும் கட்டுங்கள். நகல் கைக்கு வந்ததும் அந்தப் பாடம் தெரிந்த வேறோர் ஆசிரியரிடம் காட்டுங்கள். மதிப்பெண் குறைவாகப் போட்ட இடம் இது என்று அவர் விரல் வைத்துக் காட்டினால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். காட்டாவிட்டால் மீதிப் பணத்தை ஆறாம் பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, அதையும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.