வாசகர் கேள்விகள்: மறைந்த கைடும் அவர் காட்டிய கற்களும்

கேள்வி: என் பெரியப்பா மாமல்லபுரத்தில் நெடுங்காலம் கைடாக இருந்தவர். சிற்பம் என்றால் அவருக்கு உயிர். சென்ற மாதம் காலமானார். அவர் பேசிய கேசட்டுகள், ஒரு பெட்டி நெகட்டிவ், நான்கு நோட்டுகள் இருக்கின்றன. வருஷ திதிக்குள் ஒரு சிறு நினைவு நூல் போட ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: பிறப்பு, படிப்பு, குடும்பம் எல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். அவர் எந்தக் கல் முன்னால் நின்று எதைக் காட்டினார் என்பதே நூலின் உடல். அவர் ஆட்களைக் கூட்டிப்போன வழியிலேயே அத்தியாயங்களை அடுக்குங்கள்.

கூட வேலை பார்த்த ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வழியில் நடங்கள். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் "நல்ல மனுஷன், அருமையா விளக்குவார்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கல்லைப் பார்த்தால்தான் நினைவு வரும். அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கிய பாறைச் சிற்பம். காலை வெயிலில் போங்கள். யானைகளை முதலில் காட்டுவாரா, தபசு செய்யும் பூனையையா? பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானிடம் எவ்வளவு நேரம் நிற்பார்? கிருஷ்ண மண்டபத்தில் கறவையின்போது கன்றை நக்கும் பசுவைப் பற்றி என்ன சொல்வார்? இப்படிக் கேளுங்கள். கடற்காற்று பதிவைப் பாழாக்கும். மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை போடுங்கள். சிற்பத்துக்கு ஒரு பதிவு வீதம், தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

கேசட்டில்தான் அவசரம். முதலில் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாக அழியாது. பிளேயரில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, வேண்டாத கேசட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நாடாவைச் சிக்கவைக்கும் பிளேயர் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு அவருடையதை முழுக்க முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றிவிட்டுக் கணினியில் பதியுங்கள். குரல் மங்கிக் கேட்டால், நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கலாம். வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றினால் சரியாகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் (WAV) கோப்பாக எடுத்தால் 60 நிமிடக் கேசட்டுக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். ஒரு பிரதி வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.

நெகட்டிவில் வினிகர் வாடை அடித்தால் படலம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 35 மிமீ படத்துக்கு 3,200 டிபிஐ போதும்.

கேள்வி: அவர் சொன்ன சில தகவல்கள் புத்தகங்களோடு ஒத்துப்போகவில்லை. திருத்தி அச்சிடலாமா?

பதில்: அவர் வாக்கியத்தில் கைவைக்க வேண்டாம். கடற்கரைக் கோயிலை மகேந்திரவர்மன் கட்டியதாகச் சொல்லியிருந்தால் அதை அப்படியே போட்டு, 'ராஜசிம்மன் காலம், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம்' என்று அடிக்குறிப்பு தாருங்கள். அந்தப் பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் இரு கட்சி உண்டு. அவர் எந்தக் கட்சி, ஏன் என்று எழுதினால் ஆளே எதிரில் நிற்பார். 1772லும் 1776லும் மாமல்லபுரம் வந்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், கடலுக்குள் செம்பு வேய்ந்த கோயில் உச்சிகளை ஊர் முதியவர்கள் கண்டதாக உள்ளூரார் சொன்னதை 1788இல் வெளியான கட்டுரையில் பதிந்தார். இங்கே ஏழு கோயில்கள் இருந்து பெரும்பாலானவை கடலில் மூழ்கின என்ற கதையைப் பேசும்போது இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். சொன்னவர்கள் பெயர்தான் அதில் இல்லை. உங்கள் நூலில் ஒவ்வொரு பேச்சுக்கும் சொன்னவர் பெயரைப் போடுங்கள்.

கேள்வி: நோட்டுத் தாள்களை லேமினேட் செய்யலாமா?

பதில்: கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது. கிழிசலுக்கு செலோடேப்பும் வேண்டாம். பசை மஞ்சளித்து எழுத்தைத் தின்னும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை படமெடுத்துவிட்டு, தாள்களை அமிலமற்ற காகித உறையில் வையுங்கள்.