காணாமற்போன கார் சாவி: தெரிந்த நாளிலிருந்து உரிமையாளரின் பொறுப்பு

வாசகர் கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். திருமங்கலத்தை அடுத்த கிராமத்தில் இரண்டு மகன்களின் குடும்பங்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறேன். 2019-இல் வாங்கிய கார் என் பெயரில் இருக்கிறது. மகன்கள் இருவரும் மூத்த மருமகளும் அதை ஓட்டுகிறார்கள். வண்டிக்கு இரண்டு சாவிகள்; ஒன்று நிலைப்படிக்கு அருகில் ஆணியில் தொங்கும், மற்றொன்று பீரோவில் இருக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் குடும்பத்தோடு மதுரைக்குப் போய்வந்த பிறகு பீரோவில் இருந்த சாவியைக் காணவில்லை. தம்பிதான் மறைத்து வைத்திருக்கிறான் என்று மூத்தவன் சொல்லி, அவன்மேல் திருட்டுப் புகார் கொடுக்கும்படி என்னை வற்புறுத்துகிறான். இளையவன் முன்பு ஒருமுறை என்னிடம் கேட்காமலே வண்டியை மேலூரில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறான். 16 வயதுப் பேரன் ஆணியில் இருந்த சாவியை எடுத்துத் தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வண்டி திருடுபோனால் காப்பீடு கிடைக்குமா? மகன்மேல் புகார் கொடுக்கலாமா? மூத்தவன் பெயருக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: ஐயா, தங்கள் வீட்டில் வண்டியை ஐந்து பேர் பயன்படுத்தினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒருவருடைய வண்டிதான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 2(30), யாருடைய பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்று வரையறுக்கிறது. வண்டியை விற்றுப் பல கை மாறிய பிறகும் பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறாதிருந்த ஒரு வழக்கில், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவு பெற்ற உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் தீர்ப்பில் கூறியது. விற்றவருக்கே அந்த நிலை என்றால், வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஓட்டக் கொடுத்திருக்கும் தங்கள் நிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சாவி காணாமற்போனதும் பேரன் வண்டியை எடுத்ததும் நேற்றுவரை தங்களுக்குத் தெரியாத செய்திகளாக இருந்திருக்கலாம், இன்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு உரிமையாளர் என்ன செய்தார் என்பதைத்தான் காப்பீட்டு நிறுவனமும் காவல் துறையும் நீதிமன்றமும் கேட்கும்.

முதலில் திருட்டுப் புகாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாவியை இளைய மகன் எடுத்தார் என்பதை யாரும் பார்க்கவில்லை. அது மூத்தவரின் சந்தேகம் மட்டுமே. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இன் பிரிவு 303-இன்படி திருட்டு என்பதற்கு நேர்மையற்ற உட்கருத்து இருந்தாக வேண்டும். எல்லோரும் புழங்கும் வீட்டின் பீரோவில் இருந்த சாவியைக் காணவில்லை என்பதிலிருந்து அந்த உட்கருத்தை நிரூபிக்க முடியாது. நடந்தது தெரியாமல் நடந்ததாக எழுதிக் கையொப்பமிட்டால் அது தங்களுக்கே வினையாகும். பொது ஊழியரிடம் பொய்யென அறிந்து தகவல் கொடுப்பது அதே சட்டத்தின் பிரிவு 217-இன்கீழ் ஓராண்டுவரை சிறையோ 10,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஒரு தகப்பன் தன் மகனைக் காவல் நிலையத்தில் நிறுத்திய பிறகு அந்த வீட்டில் பழைய உறவு திரும்புவது அரிது என்பதையும் ஒரு வழக்கறிஞனாகச் சொல்ல நான் தயங்கமாட்டேன்.

கேட்காமல் வண்டியை எடுத்துச் சென்றதற்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பிரிவு 197 என்று ஒன்று இருக்கிறது. உரிமையாளரின் சம்மதமின்றி வண்டியை எடுத்து ஓட்டுபவருக்கு மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அது கூறுகிறது. ஆனால், கேட்டிருந்தால் உரிமையாளர் சம்மதித்திருப்பார் என்று எடுத்தவர் நியாயமாக நம்பியிருந்தால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்ற விதிவிலக்கையும் அதே பிரிவு சேர்த்தே சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் குடும்பங்களின் நடைமுறையை அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்த விதிவிலக்கே சாட்சி என்பது என் எண்ணம். ஆணியில் சாவி தொங்க, ஆண்டுக்கணக்காக யாரும் யாரையும் கேட்காமல் ஓட்டிவந்த வீட்டில், அந்த நம்பிக்கை நியாயமற்றது என்று நீதிமன்றத்தை ஏற்கச் செய்வது கடினம். தங்கள் சம்மதம் இனி இல்லை என்பதை எழுத்தில் தெரிவித்த பிறகு எடுத்தால் மட்டுமே அந்த விதிவிலக்கின் பாதுகாப்பு விலகும்.

ஆகவே தாங்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டியது யாருடைய பெயரும் இல்லாத, சாவி தொலைந்த மனு. வண்டியின் பதிவு எண், சாவி கடைசியாக இருந்த இடம், காணவில்லை என்று தெரிந்த தேதி, மதுரைக்குப் போய்வந்த விவரம், வீட்டில் தேடியும் கிடைக்கவில்லை என்பது ஆகிய இவற்றை உள்ளபடி எழுதி, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றின் நகலை இணைத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழா முடிந்து நாளாகிவிட்டதே என்று தேதியை முன்பின் மாற்றி எழுத வேண்டாம். அன்று கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டியிருந்தால் ஃபாஸ்டாக் கணக்கில் நேரம் பதிவாகியிருக்கும். மனுவில் உள்ள தேதியோடு அது முரண்பட்டால், பிற்காலத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் புலனாய்வாளர் கையில் எடுக்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி காப்பீடு. தங்களிடம் இருப்பது, பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஏற்கும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் வண்டி திருடுபோனதற்கு எந்தத் தொகையும் கிடைக்காது. எனவே பாலிசியை எடுத்து முதலில் அதைப் பாருங்கள். முழுக் காப்பீடாக இருந்தால் திருட்டுக்கு இழப்பீடு உண்டு. ஆனால் வண்டியைப் பாதுகாக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் உரிமையாளர் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பாலிசிகளில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனை. திருட்டுக்கான கோரிக்கை வந்ததும் நிறுவனங்கள் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒரு சாவியை மட்டும் கொடுத்து, மற்றொன்று முன்னரே தொலைந்துவிட்டது என்று அப்போது வாய்மொழியாகச் சொன்னால், சாவியை வண்டியிலேயே விட்டுவந்தீர்கள் என்றோ தெரிந்தவர்களே எடுத்தார்கள் என்றோ சொல்லிக் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கிறது. இன்றைய தேதியிட்ட சி.எஸ்.ஆர். ரசீதும், அதன் நகலோடு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதமும் அந்த வழியை அடைத்துவிடும்.

கவனக்குறைவு இருந்தது என்பதற்காகவே முழுத் தொகையையும் மறுத்துவிட முடியாது என்பதும் தாங்கள் அறிந்திருக்க வேண்டியது. ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய வேளையில் லாரி திருடுபோன வழக்கில், 2023-இல் அசோக் குமார் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 75 விழுக்காடு தொகையை வழங்கச் சொன்னது. இப்படிப்பட்ட மறுப்புகளை எதிர்த்து மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். எனினும் நூறு விழுக்காடு பெறத்தக்க நிலையில் இருப்பவர், முக்கால் பங்குக்காக வழக்காட வேண்டிய நிலைக்குத் தம்மைத் தாமே தள்ளிக்கொள்ளக் கூடாது.

மனு கொடுப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. 2019-ஆம் ஆண்டுக் காரின் சாவியில் பெரும்பாலும் ஒரு சிப் இருக்கும். வண்டியின் கணினி அதை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் உயிர்பெறும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் கையில் இருக்கும் சாவியையும் எடுத்துச் சென்றால், தொலைந்த சாவியின் பதிவை நீக்கிவிட்டுப் புதிய சாவியைப் பதிந்து தர முடியுமா என்று சொல்வார்கள். பல வண்டிகளில் அது முடியும். அதன்பின் பழைய சாவி கதவைத் திறக்கலாம், ஆனால் எஞ்சின் கிளம்பாது. செலவு சில ஆயிரங்களில் வரலாம். தங்கள் பாலிசியில் சாவி இழப்புக்கான கூடுதல் பாதுகாப்பு சேர்க்கப்பட்டிருந்தால், சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டி அந்தச் செலவைக் கோரலாம். கடைத்தெருவில் சாவி அறுத்துத் தருபவரிடம் போய் ஒரு மாற்றுச் சாவியைச் செய்துகொண்டு விஷயத்தை முடித்துவிட வேண்டாம். அதனால் தங்களுக்கு ஒரு சாவி கூடுமே தவிர, யார் கையிலோ இருக்கும் சாவி செயலிழக்காது. சர்வீஸ் சென்டர் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்; நியாயமான நடவடிக்கை எடுத்தேன் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

தங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கலங்கச் செய்தது சாவி அன்று, பேரனைப் பற்றிய அந்த ஒரு வரி. 18 வயது நிறையாதவர் கார் ஓட்டுவதைச் சட்டம் எந்த நிலையிலும் ஏற்பதில்லை; 16 வயதில் பெறக்கூடிய உரிமம் 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கானது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 199ஏ-இன்படி, சிறார் ஒருவர் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால் அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கு மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவன் 25 வயதுவரை உரிமம் பெற முடியாது. தங்கள் சம்மதத்தோடுதான் அவன் ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க வேண்டிய கவனம் முழுவதையும் எடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் சுமை தங்கள்மேல் இருக்கிறது.

பக்கத்து வீட்டார் சொன்ன நாளோடு ‘எனக்குத் தெரியாது’ என்ற எதிர்வாதம் தங்களுக்குப் பெரும்பாலும் போய்விட்டது. இனி எஞ்சியிருப்பது, தடுக்கும் கவனத்தை எடுத்தேன் என்பது ஒன்றுதான். சாவி இன்னும் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவும் நிற்காது. இன்றே ஆணியைப் பிடுங்கிவிட்டுச் சாவியைப் பூட்டிய இழுப்பறையில் வையுங்கள்; அந்த இழுப்பறையின் திறவுகோல் தங்களிடமோ, தாங்கள் இல்லாத வேளையில் பொறுப்பேற்கும் ஒரு பெரியவரிடமோ மட்டும் இருக்கட்டும். அத்தோடு, வண்டியை யார் யார் ஓட்டலாம் என்று பெயர் குறிப்பிட்டு, வேறு எவருக்கும் என் அனுமதி இல்லை என்று ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, பேரனின் பெற்றோர் உட்பட வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். இதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். சொந்தப் பிள்ளைகளிடம் கையெழுத்தா என்று தயங்குவீர்கள். எதிரே வந்த ஒருவர் உயிரிழந்தால், காப்பீட்டு நிறுவனம் அவர் குடும்பத்துக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, உரிமமில்லாதவர் ஓட்ட இடங்கொடுத்தார் என்று சொல்லி அந்தத் தொகையைத் தங்களிடமிருந்து வசூலிக்க நடவடிக்கை எடுக்கலாம். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமையாளர் நியாயமான கவனம் எடுக்கத் தவறினார் என்பதை நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்று சொன்னது. அந்தக் கட்டத்தில் தங்கள் பக்கம் பேசக்கூடியது அந்த ஒரு தாள்.

அந்தத் தாளில் பெயர் எழுதுமுன் மகன்கள், மருமகள் மூவருடைய ஓட்டுநர் உரிமங்களையும் வாங்கிப் பாருங்கள். அது காருக்கான உரிமம்தானா, இன்னும் செல்லுபடியாகிறதா என்பதே முக்கியம். காலாவதியான பின் முன்பிருந்த 30 நாள் சலுகை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இல்லை. தகுதியில்லாதவர் ஓட்ட அனுமதித்தால் பிரிவு 180-இன்கீழ் உரிமையாளருக்கு மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு.

மேலூர்க் கல்யாணத்துக்கு வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கியதை மீண்டும் நடக்க விடக் கூடாது. சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. அனுமதிச் சீட்டு (பெர்மிட்) இல்லாத வாடகை ஓட்டத்துக்குப் பிரிவு 192ஏ-இல் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் இருக்கின்றன.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உரிமையாளர்-ஓட்டுநர் என்ற பெயரில் பாலிசியில் இருக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தங்களுக்கானது, மகன்களுக்கானது அன்று. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்றும், வேறு வண்டியின் தவறில்லாமல் அவர் விபத்துக்குள்ளானால் அவருடைய வாரிசுகள் அந்த வண்டியின் உரிமையாளரிடமோ அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமோ மூன்றாம் நபராக இழப்பீடு கோர முடியாது என்றும், 2020-இல் ராம்கிலாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நான்குவழிச் சாலையில் தினமும் இந்தக் காரை ஓட்டிச் செல்லும் மகனுக்கு ஏதேனும் நேர்ந்தால் மருமகள் வெறுங்கையோடு நிற்க நேரிடலாம். மகன்களுக்கும் மருமகளுக்கும் தனித்தனியே தனிநபர் விபத்துக் காப்பீடு எடுப்பது அதிகச் செலவன்று. அடுத்த புதுப்பிப்புவரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெயர் மாற்றத்தைப் பற்றி என் கருத்து இது. வண்டியை நடைமுறையில் மூத்தவரே பெரும்பாலும் ஓட்டிப் பராமரிக்கிறார் என்றால் அவர் பெயருக்கு மாற்றுவது சரியானதே. பொறுப்பும் அவரோடு போகும். தம்பியைத் தள்ளிவைப்பதற்காக மட்டும் மாற்றினால் சண்டை இடம் மாறுமே தவிர ஓயாது. மாற்றுவதாக முடிவெடுத்தால், படிவம் 29, 30 ஆகியவற்றை நிரப்பி 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். வண்டிக்குக் கடன் நிலுவை இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி புதிய உரிமையாளருக்குத் தானாக மாறிவிடும். திருட்டுக்கும் சேதத்துக்குமான பகுதி அப்படி மாறாது. ஆர்.சி. மகன் பெயரிலும் பாலிசி தங்கள் பெயரிலும் இருக்கும் இடைவெளியில் வண்டி திருடுபோனால் இருவருக்குமே தொகை கிடைக்காமல் போகலாம் என்பதால், பாலிசியைப் பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பத்தையும் அதே 14 நாட்களுக்குள் கொடுத்து, ஒப்புதல் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொலைந்த சாவிக்கான மனுவும் சர்வீஸ் சென்டர் வேலையும் மட்டும் பெயர் மாற்றத்துக்கு முன்பே தங்கள் பெயரில் முடிந்திருக்க வேண்டும்.