மெல்லிய பட்டையை இரு சுவர்களுக்கிடையே நெருக்கினால் அது ஏன் பல மடிப்புகளாகப் பிரிகிறது?

இரண்டு சட்டங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் பட்டை ஒன்றை முனையிலிருந்து தள்ளினால், அது ஒரே வளைவாக நிற்காமல் ஏன் பல மடிப்புகளாகப் பிரிகிறது, கசக்கிய காகிதத்துக்கும் இதே விளக்கம் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வி சில ஞாயிற்றுக்கிழமைகளை என்னிடமிருந்தும் பறித்துக்கொண்டது.

மெல்லிய பொருளுக்கு வளைவது எளிது. நீள்வதும் சுருங்குவதும் கடினம். தடிமன் பாதியானால் நீட்சிக்கான எதிர்ப்பு பாதியாகத்தான் குறையும், ஆனால் வளைவுக்கான எதிர்ப்பு எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே பட்டை தன் நீளத்தைச் சுருக்கிக்கொள்ளாமல், விசை ஓர் எல்லையை எட்டியதும் சட்டென்று பக்கவாட்டில் புடைத்துக்கொள்கிறது. பொறியாளர்கள் பக்ளிங் என்று சொல்லும் இந்த நெளிவுக்கான விசையை 1744இல் கணிதவியலாளர் ஆய்லர் கணித்துக் காட்டினார்: நீளம் பாதியானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும்.

நான் முதலில் தாளை மேசைமேல் படுக்கவைத்துச் செய்து, தாளின் சொந்த எடையே வளைவைக் கெடுப்பதைப் பார்த்துக் கைவிட்டேன். பிறகு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளிலிருந்து 30 செ.மீ. நீளப் பட்டை ஒன்றை வெட்டி, அதை விளிம்பில் நிற்கவைத்து, 1 செ.மீ. இடைவெளியுள்ள இரு மரச்சட்டங்களுக்கு நடுவே ஒரு சட்டத்தை ஒட்டியவாறு இருத்தி, மேலிருந்து பார்த்தபடி ஒரு முனையைத் தள்ளினேன். ஒரு மில்லிமீட்டர்கூடத் தள்ளியிருக்க மாட்டேன், வளைவின் உச்சி எதிர்ச் சட்டத்தைத் தொட்டுவிட்டது. மேலும் தள்ளியபோது அந்த உச்சி சட்டத்தின்மீது தட்டையாகப் படிந்து நீண்டது. சுவாரசியம் இங்கேதான் தொடங்குகிறது. தட்டையாகப் படிந்த பகுதியும் இரு முனைகளிலிருந்து அழுத்தப்படும் ஒரு நேரான பட்டைதான். எனவே ஆய்லரின் விதி அதற்கும் பொருந்தும். அந்தப் பகுதி போதிய நீளத்தை எட்டும்போது, முதல் நெளிவுக்குத் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு விசையில், அதுவும் நெளிந்து முதல் சட்டத்தை நோக்கிப் பாய்கிறது. ஒரு வளைவு இரண்டாகிறது. அதன்பின் ஒவ்வொரு வளைவும் தொடுமிடத்தில் தட்டையாகி, இதே கதை திரும்ப நடக்கிறது. மூன்று வளைவுகள் என்றால் ஒவ்வொன்றின் நீளமும் மூன்றில் ஒரு பங்கு. அவற்றை நெளிய வைக்கும் விசையோ ஒன்பது மடங்கு. தள்ளத் தள்ளப் பட்டை முரண்டு பிடிப்பதற்கு இதுவே காரணம். பிளாஸ்டிக் மாறுவதில்லை, சுவர் அதைக் குட்டைத் துண்டுகளாக்குகிறது. பிரான்சில் ரோமான், போஷோ என்ற இருவர் 1999இல் இந்தத் தொடர் நெளிவை முறையாக ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

காகிதத்துக்கு இந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். பட்டையை ஒரு திசையில் மட்டும் நெருக்குகிறோம், ஆனால் உள்ளங்கை எல்லாத் திசைகளிலிருந்தும் நெருக்குகிறது. ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளைய வேண்டுமானால் தாள் நீண்டோ சுருங்கியோ ஆக வேண்டும் என்பது கணிதவியலாளர் காஸ் 1827இல் நிறுவிய தேற்றத்தின் விளைவு. தாள் அந்தச் செலவைத் தன் பரப்பு முழுவதும் ஏற்பதில்லை. சில கூர்முனைகளிலும் அவற்றை இணைக்கும் முகடுகளிலும் குவித்துவிட்டு, எஞ்சிய பரப்பைப் பெரிதும் தட்டையாகவோ ஒரே திசையில் வளைந்தோ வைத்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்திக் கசக்கினாலும் உருண்டைக்குள் பெரும்பகுதி காற்றாகவே இருப்பதற்கு இந்த முகடுகளின் விறைப்பே காரணம்.

சிகாகோவில் மாத்தன், வில்லியம்ஸ், விட்டன், நேகல் ஆகியோர் மைலார் எனும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கசக்கி ஓர் உருளைக்குள் போட்டு, மேலே எடை வைத்து அதன் உயரத்தை அளந்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று வாரங்கள் கழித்தும் உயரம் குறைந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் மடக்கை வேகத்தில்: முதல் நிமிடத்துக்கும் பத்தாவது நிமிடத்துக்கும் இடையே எவ்வளவு இறங்குமோ, பத்துக்கும் நூறுக்கும் இடையேயும் அவ்வளவே இறங்கும். ஆகவே நீங்கள் இதை வீட்டில் செய்து பார்ப்பதானால், உயரத்தோடு அளந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அளவீடுகளை ஒப்பிடவே முடியாது.