கேளுங்க, சொல்றேன்: அடுத்தவங்க டிக்கெட்டை ஆன்லைன்ல வாங்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு தங்கச்சிமடம், ராம்நாட்ல காலேஜ் படிக்கிறேன். அடுத்த மாசம் சென்னையில ஒரு கச்சேரி, டிக்கெட் ஓபன் பண்ண கொஞ்ச நேரத்துலயே காலி. இப்ப இன்ஸ்டால ஒருத்தர் ரெண்டு டிக்கெட் இருக்கு, அவசரமா ஊருக்குப் போறேன் அதான் விக்கிறேன்னு போட்டிருக்காரு. 2,500 ரூவா டிக்கெட்டை 3,000-க்குத் தர்றாராம். ஸ்கிரீன்ஷாட், ஆதார் கார்டு எல்லாம் அனுப்பிட்டாரு, பாதிக் காசு அட்வான்ஸ் கேக்குறாரு. நம்பி அனுப்பலாமா?

பதில்: இப்ப அனுப்பாத தம்பி. அந்த ஆளு நெசமாவே நல்லவராக்கூட இருக்கலாம், ஆனா அவரு நல்லவரா கெட்டவரான்னு இன்ஸ்டால உக்காந்து கண்டுபிடிக்க உன்னாலயும் முடியாது என்னாலயும் முடியாது. அதனால ஆளை விடு, டிக்கெட்டைப் பாரு.

உன்கிட்ட வந்த ஸ்கிரீன்ஷாட் டிக்கெட்டோட போட்டோதான். நெசமான டிக்கெட் அவரு புக் பண்ண ஆப்ல, அவரு அக்கவுண்ட்ல இருக்கு. கேட்ல ஸ்கேன் பண்றவருக்கு நீ யாரு, யாருக்கிட்ட வாங்குன எதுவும் தெரியாது, இந்த க்யூஆர் ஏற்கனவே உள்ள போயிருச்சா இல்லையான்னு மெஷின் சொல்றதுதான் கணக்கு. ஒரே படத்தைப் பத்து பேருக்கு வித்திருந்தா மொதல்ல போறவன் உள்ள, மிச்சம் ஒம்பது பேரும் ரோட்டுல. அதுவும் சில நிகழ்ச்சிக்கு க்யூஆரே கடைசி நேரத்துலதான் ஆப்ல வரும், அந்த மாதிரி நிகழ்ச்சிக்கு ஒரு மாசம் முன்னாடியே ஒருத்தர் க்யூஆர் படம் அனுப்புறாருன்னா அது எங்க இருந்து வந்துச்சுன்னு நீயே யோசிச்சுக்க.

அப்புறம் அந்த ஆதார் கார்டு. கார்டுல இருக்குறவருதான் உன்கூட பேசுறாருன்னு யார் சொன்னா? முன்னாடி ஏமாந்த யாரோ நம்பி அனுப்புன கார்டைத்தான் அடுத்த ஆளுக்கு ஆதாரமாக் காட்டுவானுங்க. மிலிட்டரி ஐடி கார்டைக் காட்டி பழைய பைக், ஃபிரிட்ஜ் விக்கிறேன்னு ஏமாத்துனதும் இதே வழிதான். நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்குற ஊரெல்லாம் உண்டா, அந்த கார்டைப் பாத்ததும் மனசு இளகிருது. பேசுறவரு தன்னோட கார்டை தானா முன்வந்து அனுப்புனா நான் இன்னும் கொஞ்சம் உஷாராயிருவேன், நல்லவன் எவனும் ஆதாரை கண்டவங்களுக்கு அனுப்ப மாட்டான்.

சரி, வாங்கணும்னா எப்பிடி? மொதல்ல அந்த டிக்கெட் எந்த ஆப்ல புக் பண்ணதுன்னு கேளு, அதுல இன்னொருத்தருக்கு மாத்திவிடுற வசதி அந்த நிகழ்ச்சிக்கு இருக்கான்னு நீயே போய்ப் பாரு. இருந்தா உன் நம்பருக்கு மாத்தச் சொல்லு, உன் ஆப்ல உன் அக்கவுண்ட்ல டிக்கெட் வந்து உக்காந்த பெறகு காசு. 'நீங்க மொதல்ல அனுப்புங்க, நான் மாத்துறேன்'னு அவரும் பயப்படுவாரு, அதுவும் நியாயம்தான், அப்ப ரெண்டு பேரும் நேர்ல உக்காந்து முடிச்சுக்கங்க. உனக்கு சென்னை தூரம்னா அங்க வேலை பாக்குற சொந்தக்காரங்க, ஹாஸ்டல்ல இருக்குற பிரெண்டு யாரையாவது பகல்ல, ஆள் நடமாட்டம் இருக்குற எடத்துல போய்ப் பாக்கச் சொல்லு. நேர்ல வர்றதுக்கு நூறு காரணம் சொல்லித் தட்டிக் கழிக்கிறாருன்னா அங்கயே விட்டுரு.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாலு பேருக்கா புக் பண்ணி ரெண்டு பேரு வரலைங்குற ஆளு கெடைச்சா, அவங்க கூடவே சேந்து கேட்டுக்குப் போ, ஸ்கேன் ஆகி உள்ள போனதும் அங்கயே நின்னு ஜிபே பண்ணிரு. ரெண்டு பக்கமும் பயம் இல்ல.

காசு அனுப்பும்போது நம்பரப் போட்டதும் பேங்க்ல இருக்குற பேர் திரையில வரும்ல, அந்தப் பேரும் அவரு சொன்ன பேரும் வேற வேறயா இருந்து 'அது என் மச்சான் அக்கவுண்ட்'னு சொன்னா நிறுத்திரு. யூபிஐல போன காசு போனதுதான், கடையில வாங்குன சாமானைத் திருப்பிக் குடுக்குற மாதிரி இதுல ஒண்ணும் கெடையாது.

நெறைய டிக்கெட்டுல மறுபடி விக்கக் கூடாதுன்னு நிபந்தனையே இருக்கும், அதையும் படிச்சுப் பாரு. கோல்ட்ப்ளே கச்சேரிக்கு 2024 செப்டம்பர்ல டிக்கெட் வித்தப்ப 2,500-லேருந்து 35,000 வரைக்கும்தான் வெலை, வெளிய லட்சக்கணக்குல கேட்டாங்க, வித்த கம்பெனியே வெளிய வாங்குனா அது செல்லாதுன்னு சொல்லிருச்சு. அதுபோக ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி ஞாபகம் இருக்கா, 2023 ஆகஸ்ட்ல நடக்க வேண்டியது மழையால தள்ளிப்போய் செப்டம்பர் 10-ம் தேதி ஈசிஆர் பனையூர்ல நடந்துச்சு, கூட்டத்துல சரியான டிக்கெட் வச்சிருந்தவங்களே உள்ள போக முடியாம திரும்புனாங்க. அந்த மாதிரி ஆகி ரீஃபண்ட் குடுத்தா அது புக் பண்ணவரு அக்கவுண்டுக்குத்தான் போகும், உனக்கு வராது. அவரு எடுத்துத் தருவாரான்னு முன்னாடியே பேசி சாட்ல எழுதி வாங்கி வச்சுக்க.

கேள்வி: நான் கீழக்கரை. என் மவன் நேத்து ராத்திரி சேப்பாக்கம் மேட்ச் டிக்கெட்டுன்னு 6,000 ரூவா யாருக்கோ அனுப்பிட்டான். இப்ப அந்த ஆளு பேர் மாத்துற சார்ஜ் 1,500 அனுப்புங்க, டிக்கெட்டோட சேந்து அந்தக் காசும் திரும்பி வந்துரும்ங்கிறான். வாப்பா துபாய்ல இருக்காக, அவுகளுக்குத் தெரிஞ்சா ஏசுவாகன்னு இவன் போலீசுக்கும் போக மாட்டேங்கிறான். என்ன செய்ய?

பதில்: லாத்தா, அந்த 1,500-ஐ அனுப்பவே அனுப்பாதீங்க. அது குடுத்தா அடுத்து ஜிஎஸ்டிம்பான், அப்புறம் டெபாசிட்டும்பான். இந்தப் பதிலைப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி 1930-க்கு போன் போடுங்க, நாடு முழுக்க இருக்குற சைபர் மோசடி நம்பர் அது. ஏன் அவசரம்னா, ஏமாத்துனவன் காசை ஒரே அக்கவுண்ட்ல வச்சிருக்க மாட்டான், அங்க இருந்து இன்னொண்ணு அதுல இருந்து இன்னொண்ணுன்னு மாத்தி ஏடிஎம்ல எடுத்துருவான். நீங்க சொன்னதும் தகவல் அந்தந்த பேங்குக்குப் போய் மிச்சம் இருக்குறதை நிறுத்தி வைக்கப் பாப்பாங்க. ஒரு ராத்திரி போயிருச்சு, இருந்தாலும் செய்ங்க, எல்லாம் திரும்பி வந்துரும்னு மட்டும் நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.

கையில ரெடியா வச்சுக்க வேண்டியது காசு அனுப்புன நேரம், அவன் யூபிஐ ஐடி, போன் நம்பர், அப்புறம் பேமெண்ட் ஆப்ல அந்தக் கணக்கைத் தொட்டா வர்ற 12 இலக்க யூடிஆர் நம்பர். மவன் வெக்கத்துல சாட்டை அழிச்சுரப் போறான், அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்க. உங்க பேங்குக்கும் சொல்லிருங்க. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் போட்டு நம்பர் வாங்கிக்கங்க, ராமநாதபுரத்துலயே மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கு. 6,000 தானேன்னு கூச்சப்பட வேணாம், மோசடி மோசடிதான், பாரதிய நியாய சன்ஹிதாங்குற புது குற்றவியல் சட்டத்துல 318-வது பிரிவு. வாப்பாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க, புள்ள பயந்துக்கிட்டு வீட்டுல மறைக்கிறதுதான் அந்தத் திருடனுக்கு வசதி. இன்னொண்ணு, காசை மீட்டுத் தர்றோம் பீஸ் குடுங்கன்னு எவனாவது கூப்புடுவான், அவனும் அதே கூட்டம்தான்.

கேள்வி: உச்சிப்புளி. என்கிட்ட மேட்ச் டிக்கெட் ரெண்டு இருக்கு, போக முடியல, விக்கிறேன்னு போட்டேன். வாங்குறேன்னவரு ஒரு க்யூஆர் அனுப்பி, இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க காசு உங்களுக்கு வந்துரும்ங்கிறாரு. செய்யலாமா?

பதில்: காசு வாங்க பின் தேவையே இல்ல. பின் போட்டா உங்க காசு போகுதுன்னு அர்த்தம். அந்த ஆளை பிளாக் பண்ணிருங்க. டிக்கெட் படத்தைப் போடும்போது க்யூஆரையும் புக்கிங் நம்பரையும் மறைச்சுப் போட்டீங்களா? இல்லைன்னா மொதல்ல அந்தப் போஸ்ட்டை எடுத்துருங்க. வெலை டிக்கெட்டுல இருக்குறதுக்கு மேல வேணாம், சேப்பாக்கத்துல பிளாக்ல விக்கிறவங்களைப் போலீஸ் புடிக்கிறது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: மண்டபத்துல இருந்து எழுதுறேன். சென்னை போக சேது எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட்தான் வருது. பேஸ்புக்ல ஒருத்தர் அவரு பேர்ல கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டைத் தர்றேன்ங்கிறாரு.

பதில்: கச்சேரி டிக்கெட்டுக்காவது ஒரு வழி இருக்கு, இதுக்கு இல்லீங்க. ரயில் டிக்கெட்டைக் கைமாத்துறது 1989 ரயில்வே சட்டப்படியே குத்தம், டிடிஇ ஐடி கேட்டா நீங்க டிக்கெட் இல்லாத ஆளுதான். வண்டி கெளம்ப 24 மணி நேரம் முன்னாடி கவுண்டர்ல எழுதிக் குடுத்து அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க, புருசன் பொண்டாட்டி, பிள்ளைங்க பேருக்கு மாத்தலாம், பேஸ்புக்ல பாத்த யாரோ ஒருத்தர் டிக்கெட்டை உங்க பேருக்கு மாத்த முடியாது.

கேள்வி: பாம்பன். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பேர் குடுத்த ஒருத்தர் வர முடியலையாம், அந்த எடத்தை எனக்கு விக்கிறேன்னு வாட்ஸ்அப்ல சொல்றாரு. போகலாமா?

பதில்: படகுல எடம் இருக்கலாம், ஆனா லிஸ்ட்ல இருக்குறது அவரு பேரு. பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்களே தவிர அடையாள அட்டையையும் பேரையும் சரிபாத்துதான் ராமேஸ்வரத்துல படகு ஏத்துவாங்க, அவரு பேர்ல நீங்க ஏற முடியாது. அந்த ஆளுக்கு ஒரு பைசா குடுக்காம வேர்க்கோடு சர்ச்ல போய் பதிவு இன்னும் நடக்குதான்னு கேளுங்க, நடந்தா உங்க பேர்லயே குடுங்க, ஆதாரும் போட்டோவும் கையில கொண்டு போங்க.