காருக்குள் ஒரு சாப்பாடு, வீட்டில் ஒரு காத்திருப்பு

கேள்வி: எனக்கு 48 வயது. காரைக்குடியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி சென்னையில் இருக்கிறாள். பள்ளத்தூர் வீட்டில் நானும் என் ஆத்தாவும் மட்டும்தான். இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்ததும் பரோட்டா, சுக்கா, ரோஸ்மில்க் வாங்கிக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவேன். நாள் முழுக்க உழைப்பதற்கு எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் பரிசு அது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3 என்று வந்திருக்கிறது. இதற்குப் பதிலாகக் கருப்பட்டிப் பலகாரம், கவுனி அரிசி என்று மாறிக்கொள்ளலாமா? ஆத்தாவுக்கு 76 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். நான் வந்தால்தான் சாப்பிடுவார் என்பதால் வீட்டிலும் இரண்டு இட்லி சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் பரிமாறும்போது அவருக்குக் கை நடுங்குகிறது. வயதாகிவிட்டது.

பதில்: தம்பி, உங்கள் பரோட்டாவைப் பிறகு பார்ப்போம். கை நடுக்கத்தை வயதின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கிளிமிபிரைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், மயங்கி விழவும் கூடும். இந்த நடுக்கம் அதனால்தானா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இரவு பத்தரை தாண்டியும் பட்டினி கிடக்கும் ஒரு சர்க்கரை நோயாளியின் கை நடுங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நீங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள் என்று தெரியாமல், உங்களுக்காக அவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். போதாக்குறைக்கு, அவர் மனம் நோகக்கூடாதென்று இரண்டு இட்லி வேறு!

இன்றைக்கே போன் செய்து, எட்டு மணிக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். பழகிய மனம் கேட்காது, உங்களை விட்டுச் சாப்பிடமாட்டார். அதனால் எட்டு மணிக்கு நீங்களே வீட்டில் இருங்கள். கணக்கைக் காலையில் பார்த்தால் பித்தளைக் குடம் ஓடிப்போகாது. சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். நடுக்கம் வந்தால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். இந்த வாரமே மாத்திரைச் சீட்டோடு அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பெற்றவளின் சாப்பாட்டு நேரம் மகன் பார்க்க வேண்டிய காரியம். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இனி உங்கள் பரிசு. கருப்பட்டியானாலும் வெள்ளைச் சர்க்கரையானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். கவுனி அரிசியில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் அது இனிப்புதான், மருந்தில்லை. மூன்று மாதச் சராசரி 6.5ஐத் தொட்டால் நீரிழிவு என்றே சொல்லிவிடுவார்கள். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். நம் பக்கத்தில் கந்தரப்பமும் சீயமும் ஒருவர் ஒளிந்து தின்பதற்காகச் சுட்டதில்லை. தீபாவளி, கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று நாள் பார்த்துச் சுட்டு, நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பண்டம் அது. பிள்ளையார் நோன்பில் மாவில் திரி வைத்து ஏற்றும் இழையைக்கூட வீட்டுப் பெரியவர் கையால்தானே வாங்கிக்கொள்கிறோம்? சுக்கா வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் செய்யச் சொல்லி, ஆத்தாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

காருக்குள் அந்த அரை மணி நேரத்தில் உங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. நீங்கள் தேடிப் போவது அதைத்தான் என்று நினைக்கிறேன், அந்த அமைதி உங்களுக்குத் தேவைதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனை வீட்டில் வைத்துவிட்டு ஊருணிக் கரையில் அரை மணி நேரம் நடங்கள். சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். நடக்க மனமில்லாத நாளில் முகப்பில் சும்மா உட்காருங்கள். மனைவியிடம் போனில் பேசுங்கள், இந்த 6.3ஐ அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்றிரவே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.